ராவிப் போட்ட பிரேக் பேட்

செவ்வாய், இரவு.

ஒரத்தநாட்டுச் சாலையில் காயப்போட்டிருந்த நெல்லுக்குள் இன்று எங்கள் கார் பாய்ந்தது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண் குதித்து விலகியதால் பிழைத்தாள். வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர் இறங்கி அவளிடமே கத்துகிறார்: "ரோட்டுல நெல்லக் கொட்டி வச்சா டயர் வழுக்காதா?"

"நெல்லு வர்றதுக்கு முன்னாடியே பிரேக் பிடிக்கலைங்க," என்றேன். முறைத்தார்.

கம்பெனி பிரேக் பேட் விலை அதிகமென்று ஆன்லைனில் மலிவானதை வாங்கிய மனிதர். பெட்டியிலேயே வேறு வருட மாடலுக்கானது என்று போட்டிருந்தது. மெக்கானிக் மாட்ட மறுத்துவிட்டார். "கார் பேரு ஒண்ணுதானே!" என்று பேட்டின் ஓரத்தை அரத்தால் ராவி, இவரே மாட்டினார்.

நாளை அதே காரில் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவாராம். கார் சாவியை வீட்டிலிருக்கும் நெல் மூட்டைக்குள் புதைத்துவிட்டேன். நெல்லைத்தானே குறை சொன்னார்? அதிலேயே தேடட்டும்.