மேலே மூடாமல் விட்ட பல்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையில் போடியில் கிளினிக்கைத் திறக்கிறேன், பல் பார்க்கிறேன். யாராவது கேட்டால்தான் சாப்பிடவில்லை என்பதே தெரிகிறது.

ஆடியில் கீழ்க் கடைவாய்ப் பல் வலியோடு போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தீர்கள். மூன்று முறை வரவழைத்து, வேருக்குள் இருந்த அழுகலைச் சுத்தம் செய்தேன். ரப்பர் போன்ற மெல்லிய குச்சிகளை உள்ளே இறக்கி, இடுக்குகளைச் சீலர் பசையால் அடைத்தேன். எக்ஸ்ரேயில் வேர் நுனிவரை வெள்ளையாகத் தெரிந்தது. உங்களிடம் பெருமையாகக் காட்டினேன்.

"இனி கிருமி ஏறாதுல்ல?" என்றீர்கள்.

"ஏறாது மதினி. ஆனா மேல வச்சிருக்கறது சும்மா தற்காலிகந்தான். ஒரு வாரத்துல வந்துருங்க, கெட்டியா அடைச்சுத் தர்றேன்."

"ஏலக்கா எடுப்பு நடக்குதே. முடியவும் வர்றேன்."

வலி நின்றுவிட்டது. நீங்கள் வரவில்லை. அதற்குப் பிறகு போனில் எத்தனையோ தடவை பேசினோம். தோட்டத்து மழை, அண்ணனின் முழங்கால், எல்லாம் கேட்டேன். பல்லை மட்டும் ஏன் கேட்காமல் போனேன்?

தையில் அண்ணன் போன் செய்தார். "ஆத்தா, ஒம் மதினிக்குக் கழுத்தெல்லாம் வீங்கிப்போச்சு. எச்சி முழுங்க முடியல. கூட்டியாறேன்." போடியில் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வாயை ஒரு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமல், "பல்லு மேல வச்ச அந்த மாவு எப்பவோ உதுந்துபோச்சு... வலிக்கலயேன்னு விட்டுட்டேன்" என்றீர்கள்.

தேனி ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அண்ணன் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"நீ அடைச்ச பல்லுதான?"

"ஆமாண்ணே."

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை.

பழைய பாடப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். குச்சியைச் சூடாக்கி உருக்கி அடைத்தாலும், அப்படியே வைத்து அழுத்தினாலும், எவ்வளவு நல்ல சீலரைப் போட்டாலும், மேல்வாசல் திறந்துகிடந்தால் எச்சில் கசியும். எச்சிலோடு கிருமியும் இறங்கும். புதிதாக ஒன்றும் இல்லை. அந்த வரிக்கு அடியில் மாணவியாக நான் போட்ட பேனாக் கோடு இருந்தது. உங்களிடம் "ஏறாது" என்று சொன்னதும் அதே நான்தானே?

போன வாரம் அண்ணன் கிளினிக்குக்கு வந்தார், மதினி. தோட்டத்தில் உங்களோடு காய் எடுத்த பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவளுக்குப் பல்லு பாக்கணும். இன்னைக்கே மேலயும் அடைச்சு விட்ரு. திரும்ப வரமாட்டா."

ஒரே வேரும் ஒற்றைக் குழாயுமான முன்பல். ஒரே நாளில் முடித்துவிடலாம். முடித்தேன். மேலே கெட்டியாக அடைத்து, கடிக்கச் சொல்லி, மறுபடி சோதித்தேன். இரண்டு மணி நேரம் அண்ணன் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது, "நீ சாப்பிட்டியா ஆத்தா?" என்றார். "இல்லண்ணே" என்றேன். வெளியே போய் இரண்டு பொட்டலம் இட்லி வாங்கிவந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.

வருகிற ஞாயிறு உங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வருகிறேன். வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திய வாய்கள் அங்கே இன்னும் எத்தனை இருக்கும்? ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்பேன். இனி என்னிடம் வைத்தியம் பார்த்த யாரும் தானாக வரட்டும் என்று காத்திருக்கமாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
மலர்