நாரால் தேய்த்த கார்

மார்ச் 3, திங்கள்

என் தம்பி என் காரைப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்த்துவிட்டான்.

இதை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது வந்து சின்ன விஷயம், பெரிய மனுஷி பெரிதாக்குகிறாள் என்று சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் தங்கியிருந்தேன். இன்று காலை திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்கினால், கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கிறது கார். ஷெட்டுக்குள் இல்லை. ஷெட்டுக்குள் அவனுடைய அண்டாக்கள் இருக்கின்றன. அவனுடைய வெள்ளைக் கார் எப்போதும் போலத் தெருவில். தூரத்திலிருந்து பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. கிட்டே போனேன். கரு நீலப் பெயின்ட் முழுவதும் சிலந்தி வலை. வட்டம் வட்டமாகக் கீறல். கூரை, பானெட், கதவு, ஒரு இடம் விடவில்லை.

அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறான். "எப்படிக்கா? பறவை எச்சம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ வர்றதுக்குள்ள தேய்ச்சு எடுத்துட்டேன் பாத்தியா?"

ஆயுசு முழுக்கத் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தவன். அவனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான்: தேய்த்தது, தேய்க்காதது.

கத்தினேன். அதற்கு அவன் சிரித்தான். "கண்ணு ஆபரேஷன் பண்ணாம இருந்திருந்தா உனக்கு இது தெரிஞ்சே இருக்காது. பழசுதானேக்கா. பழசுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறியே."

பழசு.

இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன். ஒரே வீட்டின் இரண்டு பாதியில் இருக்கிறோம். ஒரே கேட், ஒரே ஷெட். முழிக்காமல் எப்படி இருப்பான் என்பது அவன் பாடு.

மார்ச் 4

பேசவில்லை. அவனும் பேசவில்லை.

மார்ச் 6

பெயின்ட் அடிக்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் காரை எடுத்துப் போனேன். கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மொத்தமும் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். கம்பெனிப் பெயின்ட் போனால் போனதுதானே என்று கேட்டேன். மேலாகப் பாலிஷ் போட்டுக் கோட்டிங் கொடுத்தால் போதாதா?

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது பாட்டி. வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா அனுப்புங்க, பேசிக்கறோம்."

"ஒருத்தன் இருக்கான். அவன்தான் இதைச் செஞ்சவன்."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குப் புரியாதாம். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றவள் நான். டிரைவிங் ஸ்கூல்காரர் பாதியில் கைகழுவிவிட்டார். மிச்சத்தை நானே காலி மைதானத்தில் ஓட்டி ஓட்டிப் பழகினேன். தையல் மிஷினைப் பிரித்துப் பூட்டியதும் அப்படித்தான். யாரும் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. இதையும் நானே செய்கிறேன்.

மாலையில் மகள் போன் செய்தாள். "அந்த வண்டியை வித்துட்டு இங்கேயே வந்துடும்மா. உனக்குன்னு ரூம் ஒதுக்கி வச்சாச்சு. மாமாகூட மல்லுக்கட்டிக்கிட்டு அங்க ஏன் இருக்கணும்?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வண்டியை விற்க மாட்டேன். அதைச் சரிசெய்து, நானே ஓட்டிக்கொண்டு, இந்தப் பாதி வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

மார்ச் 9

மூன்று நாளாக வீடியோ பார்க்கிறேன். ஒவ்வொருவன் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறான். பொதுவாக எல்லோரும் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டேன். காதுக்கு விடுகிற மருந்து பாட்டில் அளவில்தான் இருக்கிறது இந்தக் கோட்டிங். பூசினால் பெயின்ட்டின் மேல் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். வருடக்கணக்கில் நிற்கும். வெயில், எச்சம், சேறு எதுவும் சீக்கிரம் ஒட்டாது. ஆனால் அடியில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அழுக்கு இருந்தால் அழுக்கு, கீறல் இருந்தால் கீறல். ஆகவே முதலில் கீறலை எடுக்க வேண்டும்.

இன்னொன்று: தூசும் வெயிலும் இல்லாத இடம் வேண்டும். அதாவது ஷெட். அதாவது அவன்.

மார்ச் 11

ஷெட் பேச்சுவார்த்தை. நான் என் வாசலில். அவன் அவன் வாசலில். நடுவில் அவன் மனைவி, கையில் ஈரத்துணியோடு.

"ஷெட்டுல இருக்கிற அண்டாவெல்லாம் எடுக்கணும்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் திரும்பினாள். "அண்டாவை எடுக்கணுமாம்."

"எனக்குக் காது கேக்குது" என்றான் அவன். "எதுக்குன்னு கேளு."

"எதுக்குன்னு கேக்கறார் அண்ணி."

"அவனோட கைவேலையை அழிக்கிறதுக்குன்னு சொல்லு."

அவள் ஒரு தரம் அவனைப் பார்த்தாள், ஒரு தரம் என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணு பண்ணுங்க. தபால்காரருக்குக் குடுக்கிற மாதிரி எனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பார்த்தால் ஷெட் காலி. பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கூட வைத்திருக்கிறான். நன்றி சொல்லவில்லை. அவன் இடத்தையா கொடுத்தான்? பாதி ஷெட் என்னுடையது.

மார்ச் 13

ஆர்டர் செய்த சாமானெல்லாம் வந்துவிட்டது. காரைக் கழுவினேன். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. பிறகு கார் பெயின்ட்டுக்கென்றே விற்கிற களிமண் கட்டி. சிறுபிள்ளைகள் பொம்மை செய்வார்களே, அந்த மாதிரி இருக்கிறது. பெயின்ட்டை ஈரமாக்கி அதன் மேல் இதை வழுக்கவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கிற சொரசொரப்பெல்லாம் கட்டியில் ஏறிவிடுகிறது. வெள்ளைக் கட்டி காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தது. முடித்ததும் கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வெகு நேரம் தடவிக்கொண்டே இருந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

இரண்டு நாளாகப் பாலிஷ் மிஷின். கையில் பிடித்தால் பிடிவாதக்கார ஆடு மாதிரி இழுக்கிறது. அழுத்தினால் நின்றுவிடுகிறது, விட்டால் ஓடுகிறது. மெதுவாகக் கைக்கு வந்தது. சிலந்தி வலை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, அடியிலிருந்து அந்தக் கரு நீலம் எழும்பி வருகிறது. மறந்தே போயிருந்தேன் அந்த நிறத்தை.

டிக்கி மூடியில் மட்டும் ஒரு கீறல் ஆழமாக இருக்கிறது. அங்கே எச்சம் அதிகம் இருந்திருக்கும், மூச்சைப் பிடித்துத் தேய்த்திருப்பான். இன்னும் பாலிஷ் போட்டால் கீறல் போகும், கூடவே பெயின்ட்டும் போகும். நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 16

தோளைத் தூக்க முடியவில்லை. இடது கையால் பல் துலக்கினேன்.

மார்ச் 18

இன்று கோட்டிங். இல்லை — இன்று நாசம்.

பாட்டிலைத் திறந்தேன். முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான். குட்டித் துணி சுற்றிய கட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் பூச வேண்டும். கொஞ்ச நேரம் விட்டால் தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறம் காட்டும். அப்போது துடைத்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் விடலாம் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருக்கிறது. கடிகாரத்தைப் பானெட் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

பெரிய ஆள் போலப் பாதி பானெட்டை ஒரேயடியாகப் பூசினேன். கட்டையைக் கீழே வைத்து, துணியை எடுத்து, அந்தக் கோடி வரை குனிந்து — அதற்குள் இறுகிவிட்டது. கடிகாரம் இன்னும் நேரமிருக்கிறது என்கிறது, பானெட் இல்லை என்கிறது. துடைக்கத் துடைக்கத் துணி இழுபட்டதே தவிர எதுவும் வரவில்லை. திட்டுத் திட்டாக எண்ணெய்க் கறை மாதிரி நிற்கிறது.

இத்தனை நாள் உழைப்பு. அவன் நாரால் செய்ததை நான் பாட்டிலால் செய்துவிட்டேனா?

மார்ச் 19

காலையில் எழுந்திருக்கவே மனசு வரல. யாருக்காக இதெல்லாம்? பழசுக்கு எதுக்கு இவ்ளோன்னு அவன் கேட்டது சரிதானோ? பாட்டிலைத் திறந்தாச்சு, ரொம்ப நாள் வச்சா உள்ளயே கட்டியாயிடுமாம். மகளுக்கு போன் பண்ணி, யாராவது வந்து வண்டியைத் தள்ளிட்டுப் போங்கன்னு சொல்லிடலாமா —

மேலே எழுதியதை அடிக்கவில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். ஆனால் போன் செய்யவில்லை. பானெட்டின் கறையை மறுபடி பாலிஷ் போட்டு எடுக்க ஷெட்டுக்குப் போனேன். தம்பி அங்கே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என்னைத் திரும்பிப் பார்க்காமல், காரைப் பார்த்தே பேசினான். "நேத்து ஜன்னல் வழியா பாத்தேன். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தே."

நான் பாலிஷ் மிஷினை எடுத்து வைத்தேன்.

"கடிகாரத்தைப் பாத்தாக்கா பாகு காய்ச்சுவாங்க? பாகைப் பாத்துல்ல காய்ச்சணும். நேத்து என்ன புழுக்கம்! தாள்ல போட்டிருக்கிறவனுக்கு நம்ம வீட்டுப் புழுக்கம் தெரியுமா?"

"உன்னை யாரும் கேக்கல."

"கேக்கலைதான். ஒருத்தர் பூசணும், ஒருத்தர் துடைக்கணும். உனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"உன் கையை என் வண்டி மேல படவிடுவேன்னு நினைச்சியா?"

"சரி, படவிடாதே. பாட்டிலுக்குள்ள கல்லாகட்டும். எடுத்து அலமாரியில வச்சுக்கோ."

போய்விட்டான். கறையை எடுத்தேன். அவன் சொன்னது காதிலேயே நின்றது. உனக்கு ரெண்டு கைதான் இருக்கு. உண்மைதானே? உண்மையைச் சொல்வதற்கு இவன்தானா கிடைத்தான்.

அவன் மனைவி வாசலுக்கு வந்தபோது, நாளை காலையில் வரச் சொல் என்றேன். நகம் வெட்டிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு.

மார்ச் 20

வந்தான். நகம் வெட்டியிருந்தது. மோதிரம் கழலவில்லையாம், விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தான்.

நான் சிறிது சிறிதாகப் பூசினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தைக் கதவோடு சேர்த்து வைத்தது போலச் சாய்ந்து பார்த்தான். "இரு… இரு… இன்னும் தண்ணியா இருக்கு… ஆ, இப்ப." துடைத்தான். சுத்தமாக வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சில இடத்தில் அவன் சொன்ன நேரம் தாளில் போட்டிருந்ததில் பாதிகூட இல்லை.

அவனுக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. துடைத்த துணியாலேயே இரண்டாம் முறையும் துடைக்கப் போனான். கையில் ஒரு அடி வைத்தேன். "முதல் துணி எடுக்கிறதுக்கு, ரெண்டாவது துணி மெருகுக்கு. ஒரே துணின்னா எடுத்ததையே திரும்பப் பூசறே."

"சரிங்க மேஸ்திரி."

டிக்கிக்கு வந்தோம். அந்த ஆழக் கீறலை விரல் படாமல் விரலால் காட்டினான்.

"இது நானாக்கா?"

"நீதான்."

"எடுக்க முடியாதா?"

"எடுத்தா பெயின்ட்டும் வந்துடும்."

"நீ வர்றப்ப நல்லா இருக்கணும்னுதான் தேய்ச்சேன்" என்றான்.

"தெரியும். அதுக்குக் கோபமில்ல. பழசுன்னியே, அதுக்குத்தான்."

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "இது இன்னும் பத்து வருஷம் ஓடும்க்கா."

"வண்டியா?"

"வண்டியும்தான்."

நான் கீறலின் மேலேயே பூசினேன். அவன் "இப்ப" என்று சொல்லிக்கொண்டே துடைத்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் முழுக் காரும் முடிந்தது. ஷெட் கதவைத் திறந்தோம். வெளிச்சம் உள்ளே வந்தது. நாங்கள் இருவருமே கார்க் கதவில் தெரிந்தோம், நெளியாமல்.

மார்ச் 21

இன்று தண்ணீர் படக் கூடாது. விடிந்ததும் பார்க்கிறேன், ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குருவியை விரட்டிக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 24

மகள் கேட்டாள், எப்போம்மா கிளம்பறே என்று. கோட்டிங் இறுகட்டும் என்றேன். எத்தனை நாளில் இறுகும் என்றாள். அது புழுக்கத்தைப் பொறுத்தது என்றேன். அவளுக்குச் சிரிப்பு. ஏன் சிரிக்கிறாள் என்று கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

முதல் கழுவல். குழாயைத் திருப்பியதும் தண்ணீர் உருண்டை உருண்டையாகத் திரண்டு பானெட்டை விட்டு ஓடியது. அவன் மனைவி கைதட்டினாள். அவன் மட்டும் தெருவில் நிற்கிற தன் வெள்ளைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் தெரிந்துகொண்டேன். பாட்டிலில் மிச்சமில்லை, புதிதாக வாங்க வேண்டும்.

இனி ஆக வேண்டியவை. இதை அவர்கள் வாசலிலும் ஒட்டப் போகிறேன்:

தம்பி: அண்டாக்களை மாடியில் ஏற்ற வேண்டும். ஷெட்டில் இரண்டு காரும் நிற்க வேண்டும். அவன் காரை அவனே கழுவிக் களிமண் போட வேண்டும்; நான் மேற்பார்வை மட்டும்.

நான்: அவன் காருக்குப் பாலிஷ் மிஷின் பிடிக்க வேண்டும். அவன் கையில் மிஷினைக் கொடுக்க மாட்டேன், கேட்டாலும். ஒர்க்‌ஷாப் பக்கமாக ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் போக வேண்டும்.

மகள்: எனக்கென்று ஒதுக்கிய அறையில் பேத்தியின் மேசையைப் போட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு ஒரு வாரம் வருவோம். நான் ஓட்டுவேன், மாமா பக்கத்து சீட்டில் வருவார். ஓட்டுவதைப் பற்றி அவர் பேசக் கூடாது.

தம்பி மனைவி: இனி எங்கள் நடுவில் தூது போக வேண்டியதில்லை. நாங்களே நேரடியாகச் சண்டை போட்டுக்கொள்கிறோம்.