கொல்லைப்புறத்துக்குத் தகரமா, கேன்வாஸா?

வெயில் பட்டால் ராஜகுமாரிக்கு முகம் தடித்துவிடும். டாக்டர் எச்சரித்ததிலிருந்து கணவன் அருள்ராஜ், கொல்லைப்புறம் முழுக்கத் தகரக் கூரை போட்டே தீருவேன் என்று நின்றான். முந்தின இரவு அதில் சண்டை வந்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். காலையில் வெலிங்டனில் உள்ள ஆபீசுக்குக் கிளம்பியவள், தூங்குகிறவனை எழுப்ப மனமில்லாமல் சீட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள்.

"ஏனுங்க, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. சட்னி பூராவும் உங்களுக்கே இல்லீங்க, எனக்கும் கொஞ்சம் வைங்க. கூரை போடறவரு வந்தா தகரம் வேண்டாம்னு சொல்லிருங்க. வெயில்ல நிக்காதன்னுதான் டாக்டர் சொன்னாரு, குகையில அடைச்சு வைன்னு சொல்லலீங்க. வேணுங்கறப்ப இழுத்து விட்டு, மேகம் மூடுனா சுருட்டிக்கற கேன்வாஸ் போதும்.

வெளிய போனா சாவியப் பக்கத்து ஊட்டு தேவியக்காகிட்டக் குடுத்துருங்க."

அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்: "நேத்து மொகத்தத் திருப்பிக்கிட்டது கோவத்துல இல்லீங்க. நீங்க பயப்படறதப் பாத்தா எனக்கு அழுகை வருது."

சாயங்காலம் திரும்பியபோது கொல்லையில் நீலக் கேன்வாஸ் விரிந்திருந்தது. சீட்டின் ஓரத்தில் அவன் கையெழுத்து: "சுருட்டிக்கலாம் கண்ணு. ஆனா இழுத்து விடற கயிறு எங்கிட்டத்தான் இருக்கும்."