வேடியப்பனுக்கு நேர்ந்த மீசை

காவலூர்
9.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ரேணுகா எழுதுவது. நீங்கள் வேலை செய்யும் காப்பித் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காததால் அங்கே வேலைக்கு வரும் அர்ச்சுனன் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். சாமை அறுத்து வீடு சேர்த்தாயிற்று. வேளைக்குச் சாப்பிடுங்க.

நம் மகள் பூங்கோதைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. காதுக்கு மிஷின் மாட்டியும் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை வரும் அருணா டீச்சர் கைச்சாடையில் பேசும் கைமொழி கற்றுத்தருகிறேன் என்கிறார். "முதல் பாஷை சின்ன வயசுலேயே உள்ள போயிடணும்மா. வாயில வந்தாலும் கையில வந்தாலும் சரிதான். வயசு தாண்டிட்டா அப்புறம் எதுவும் முழுசா ஒட்டாது" என்றார். ஆடியில் விதைக்காத சாமையைத் தையில் விதைத்து யார் அறுத்தது? எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. சரியென்று ஒரு வார்த்தை எழுதுங்க.

உங்கள்
ரேணுகா

குடகு
23.11.2025

அன்பு ரேணு,

நலம். இங்கே மழை விட்டபாடில்லை.

கையைப் பழக்கினால் பாப்பா வாயையே திறக்கமாட்டாள். எங்கள் தனசேகரன் சித்தப்பா ஐந்து வயதில்தான் பேசினார். இன்றைக்கு அவர் வாயை அடைக்க ஊரில் ஆள் உண்டா? பாப்பா என்னைக் கூப்பிடுகிற அன்றைக்கு அவளுக்கு முதல் மொட்டை, கூடவே என் தலைமுடியும் மீசையும் வேடியப்பன் சாமிக்கு என்று வேண்டியிருக்கிறேன். அதுவரை கைமொழி வேண்டாம்.

ராஜ்குமார்

காவலூர்
18.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீங்க, உங்கள் பேச்சைத் தட்டிப் பாப்பாவுக்குக் கைமொழி தொடங்கிவிட்டேன். வேடியப்பன் பொறுத்துக்கொள்வார், பாப்பாவின் வயசு பொறுக்காது.

வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் அழுது மண்ணில் புரளுவதெல்லாம் நின்றுபோனது. பால், நாய், மழை, இன்னும் வேண்டும், எல்லாமே கையில் சொல்கிறாள். எதிர்வீட்டு சரிதா நம் கோழி முட்டையை எடுத்துவிட்டாள் என்று நேற்று கோள்கூடச் சொன்னாள்.

பொங்கலன்று உங்கள் போட்டோவைப் பார்த்து மேலுதட்டில் விரல் வைத்து முறுக்கினாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளே உங்களுக்கு வைத்த பெயர். பிறகு வாசலைக் காட்டி, கையை விரித்து, எங்கே என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

உங்கள்
ரேணுகா

குடகு
1.2.2026

அன்பு ரேணு,

உன் கடிதத்தைக் கூட இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அர்ச்சுனனிடம் நீட்டிவிட்டேன், மீதியை அவன்தான் படித்தான். "அதான் கூப்ட்டுச்சே, இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று திட்டினான். அவன் சொல்வது சரிதான். நான்தான் முட்டாள்தனமாகக் காத்திருந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்று பாப்பாவிடம் சொல். அருணா டீச்சரிடம் எனக்கும் ஓர் இடம் கேட்டு வை.

வேடியப்பனுக்குப் பாப்பாவின் முடியும் என் தலைமுடியும் உண்டு. மீசைக்காக மட்டும் நீதான் சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் என் மகள் என்னை எப்படிக் கூப்பிடுவாள்?

ராஜ்குமார்