நீ மாற்றிக் கொடுத்த துணி

நீ என்னிடம் பொய் சொன்னது எனக்காகவா, உனக்காகவா? இரண்டு நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

என் சாப்பாட்டு மேஜையில் ஒரு துணித்துண்டு கிடக்கிறது. நீலச் சுங்குடி, கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரியது, நாலு பக்கமும் மடித்து வெள்ளை நூலால் தைத்தது. தையல் கோணல். என் தையல். ஒரு மூலையில் சலவைக்காரர் சேங்கொட்டை மையில் போட்ட குறி: ஒரு பெருக்கல், அதன் கீழே ஒரு புள்ளி. அது என் வீட்டுக் குறி. உன் வீட்டுக்கு மூன்று புள்ளி.

உன் வீட்டுக்காரர் பீரோவை ஒழித்தபோது கிடைத்தது என்று எதிர் வீட்டிலிருந்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதே பையில் உன் சேலையும் இருந்தது. அதுவும் அதே நீலச் சுங்குடி. உடுத்தும்போது உள்ளே போகும் பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது.

அந்த இரண்டு சேலையையும் தி. நகரில் ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்தோம். ஒரே மாதிரி எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "அக்கா தங்கச்சியாம்மா?" என்றார். "இல்லப்பா, சம்பந்தி" என்றாய் நீ. அப்போது உனக்கு இருபத்தைந்து வயது. எனக்கும்தான். அந்த மனிதர் ஒரு கணம் நம்பிவிட்டார். நீ முகம் மாறாமல் எதையும் சொல்லிவிடுவாய் என்பதை அன்றே குறித்துவைத்திருக்க வேண்டும்.

நித்யாவுக்குப் பதின்மூன்று மாதம் ஆனபோது நான் மறுபடி கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் அவளை உன் வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன். அவள் மதியத்தில் தூங்க மறுத்தாள். அழுது அழுது குரல் கம்மியிருக்கும். நான் புத்தகங்களைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தேன். என் சேலையில் ஒரு துண்டு வெட்டினேன். நூல் பிரிந்து விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று ஓரம் அடித்தேன். குஞ்சம் இல்லை, மணி இல்லை. என் வாசனை ஏறட்டும் என்று இரண்டு நாள் என் உடம்போடு வைத்திருந்து உன்னிடம் கொடுத்தேன்.

ஆனால் நான் நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுக்கிறவள். ஒவ்வொரு நாள் மாலையும் அந்தத் துணியைக் கிருமிநாசினி விட்டுக் கொதிக்க வைத்தேன். மறுநாள் நித்யா அதைத் தூக்கி எறிந்தாள். நீ அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாய். "இன்னாடி இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நாறுது? கொழந்தைக்குக் குடுத்தியா, காயத்துக்குக் கட்டுப் போடக் குடுத்தியா?"

கிருமிகளைப் பற்றி உனக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய். ஒப்புக்கொள்ளாத விஷயங்களுக்குத்தான் நீ அதிகம் தலையாட்டுவாய். அடுத்த வாரம், "தொவைக்கறத இனிமே நான் பாத்துக்கறேன், நீ காலேஜுக்குப் போ" என்றாய். அதன் பிறகு அவள் தூங்கினாள். சேலை என்று சொல்ல வராமல் அதற்கு 'தேல' என்று பெயர் வைத்தாள். பகலில் உன் வீட்டில், இரவில் என் வீட்டில், நாலு வயது வரை அதை முகத்தோடு வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

எப்படி என்று உன்னைக் கேட்டேன். "உன் வாசம்தான்டி, வேற இன்னா."

குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு காலம் வரும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியர் அறையில் பிரசவ விடுப்பு முடிந்து வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் அதையே சொன்னேன். பழைய பருத்தித் துணியாக எடு. உன் வாசனை அதில் ஏறட்டும். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் போடாதே. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எனக்குப் பலித்தது" என்பேன்.

துணியின் மூலையில் இருந்த சலவைக் குறியைக் காணோமே என்று ஒருநாள் கேட்டேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ கொதிக்க வெச்ச கொதிக்குக் குறி இன்னா, சேலையே கரைஞ்சிருக்கணும்." நான் சிரித்தேன். மாணவிகள் எழுதிவரும் அளவுகளை இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பாதவள் நான். துணி கிழிந்தாலும் அந்த மை போகாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீ சொன்னாய், நம்பினேன்.

என் துண்டை ஒளித்துவைத்துவிட்டு உன் சேலையில் வெட்டிக் கொடுத்தது ஒரு ரகசியம் என்பதே உன் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. "உங்களுக்குத் தெரியும்னுதாம்மா நெனச்சேன்" என்றார். "அந்தத் துண்ட இடுப்புல சொருகிக்கினுதான் சமையல் பண்ணுவா. அப்பதான் வாசம் ஏறும்னு சொல்லுவா. பாப்பா என் சேலையத்தான் தேடுதுன்னு ஒரே பெரும அவளுக்கு."

பெருமை. அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. குழந்தை தூங்க வேண்டும் என்பதற்காக மாற்றினாய் என்றால் புரிந்துகொள்வேன். என் மனம் நோகக் கூடாது என்று மறைத்தாய் என்றால்கூடப் புரிந்துகொள்ள முயல்வேன். ஆனால் வீட்டுக்குள் ஒரு பெருமையை வைத்துக்கொண்டு, வாசலில் என்னிடம் "உன் வாசம்தான்டி" என்றிருக்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வரிசை வீடுகளில் பாதிப் பேர் உன்னிடம்தான் ரவிக்கை தைத்துக்கொண்டார்கள். உனக்கு நேராகத்தான் தைக்க வரும். என் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து, கோணலாகத் தைத்திருக்கிறாய். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பாய். அந்த மதியத்தை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

நீ கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். குழந்தையை வேறு இடத்தில் விட்டிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருந்தது. அதனால் என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுவதைப் பற்றியெல்லாம் பேசினாய்.

நித்யா போன் செய்தாள். அவள் மகனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அவள் அலுவலகம் போகிறாள். குழந்தை அடையாறில் ஒரு அக்கா வீட்டில் இருக்கப் போகிறான். "அம்மா, உன் நீலச் சேலைல மிச்சம் இருக்கா? எனக்கு அதுதானே பலிச்சுது" என்றாள். நாளைக்கு வா என்றேன். மிச்சத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கொடுத்தால், உன் பொய்யை இனி நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், என் மகளுக்கு நான் கொடுத்ததாக இத்தனை வருடம் நினைத்திருந்த ஒன்று கையைவிட்டுப் போகும்.

இதுவரை எழுதியது நேற்று. இன்று நடந்ததைச் சேர்த்துவிட்டு நிறுத்துகிறேன்.

நித்யா வந்தாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். "ஆன்ட்டி செம கேடிம்மா!" என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு, "எனக்கு வாசனையெல்லாம் ஞாபகம் இல்லம்மா" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, உண்மையைச் சொன்னாளா, தெரியவில்லை. உன் சேலையையும் எடுக்கவில்லை, என் சேலையையும் எடுக்கவில்லை.

மதியம் குழந்தையின் சாமான்களை வைத்துவிட்டு வர அடையாறு போனோம். பார்த்துக்கொள்ளப் போகிற அக்கா அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நித்யா கேட்டாள்: "அக்கா, உங்க பழைய காட்டன் சேல ஒண்ணு குடுப்பீங்களா? இவன் தூங்கறப்ப பிடிச்சுக்க."

"என் சேலையா? இன்னாத்துக்குமா? ஒரே தாளிப்பு வாசமா இருக்குமே."

"அதுக்குத்தாங்கா."

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்தார். "யம்மா, பெரியவங்க நீங்க சொல்லுங்க. குடுக்கட்டுமா?"

என்னிடம் கேட்டார். சரி என்றேன்.