இடது காதுக்குக் கீழே

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் சவரம் செய்யும்போது பிளேடு ஓரிடத்தில் ஏறி இறங்கியது. இடது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் மூலையில். விரல் வைத்துப் பார்த்தேன். அவரைக்கொட்டை அளவு. வலி இல்லை, சூடு இல்லை, தள்ளினால் நகர்கிறது.

கேஸ் புத்தகத்தில் பசுவைப் பற்றி எழுதுகிற மாதிரியே வருகிறது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். நான் கால்நடை ஆஸ்பத்திரி இன்ஸ்பெக்டர்தான், டாக்டர் இல்லை. ஆனால் தீர்த்தஹள்ளிக்கு இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் எனக்கு 'டாக்டரே' என்றுதான் பெயர். மாட்டுக்குக் கட்டி என்று யார் வந்தாலும் ஒரே பாட்டுதான் பாடுவேன்: பதினைந்து நாள் பாருங்கள், கையை வைத்து நோண்டாதீர்கள், குறையவில்லை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

எனக்கும் அதேதான். பதினைந்து நாள். 24-ம் தேதி வரை.

பத்து மணிக்கு மனைவி வனஜாட்சி புனேயில் மகள் வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். சொல்லவில்லை.

பிப்ரவரி 10

இருக்கிறது. இருபது தடவையாவது தொட்டிருப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்ல வேண்டாம், காட்டினால் போதும் என்று தோன்றியது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி இருக்கிறேன் என்று மகள் ஸ்பூர்த்தி ஒரு தடவை சொன்னதிலிருந்து கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். ஜன்னல் வெளிச்சம் படும்படி இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு பேசினேன். அவளாகப் பார்த்து, "ஏங்க, அது என்ன?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

பேரப்பிள்ளைகள் இரண்டும் போனுக்கு அடித்துக்கொண்டன. ஒன்று திரையை நக்கியது. வனஜாட்சி, "உத்தரத்துல எவ்ளோ ஒட்டடை பாருங்க, ஆள் வெச்சாவது அடிக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள்.

ஒட்டடை கண்ணுக்குத் தெரிகிறது!

பிப்ரவரி 24

பதினைந்து நாள் முடிந்தது. குறையவில்லை. இந்த வாரம் கோமாரி ஊசி முகாம், நகர முடியாது. முகாம் முடியட்டும்.

(முகாம் மதியம் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரி உள்ள சிவமொக்காவுக்கு இரண்டு மணிக்கு பஸ் இருக்கிறது. யாரை ஏமாற்றுகிறேன்?)

மார்ச் 2, ஞாயிறு

இன்று இன்னும் நன்றாகவே திரும்பி உட்கார்ந்தேன். இடையில் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டேன். இதற்கு மேல் என்ன செய்வது, தமுக்கு அடிப்பதா?

"மேல ரெண்டாவது சட்டத்துல கரையான் மாதிரி தெரியுதுங்க" என்றாள்.

"நீ வந்து பாரு" என்று கடுப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனைக் குழந்தைகள் பக்கம் திருப்பினாள்.

ஸ்பூர்த்தியின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள். பிறந்தது இரட்டை. ஒன்றே முக்கால் வருஷம் ஆகிவிட்டது. நடுவில் நான்கு நாள் வந்து ஊறுகாய் போட்டு வைத்துவிட்டுப் போனாள். குற்றம் சொல்ல முடியாது, என்னையும் வா வா என்றுதான் கூப்பிட்டார்கள். மாடுகளை விட்டு எப்படி வருவது என்று நான்தான் வீறாப்பாக இருந்தேன். மாடுகள் என் வீட்டு மாடுகளா? ஒன்றுகூட இல்லை.

மார்ச் 11

இப்போது தொட்டால் வலிக்கிறது. பெரிதாகவும் இருக்கிறது. பெரிதாகிவிட்டதா, நான் நோண்டி நோண்டி வீங்கிவிட்டதா? மாட்டுக்காரர்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன்.

பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள்? ஒருநாள் நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றால் முகாமுக்குப் போயிருப்பேன் என்று நினைப்பார்கள். இரண்டு நாள் வரவில்லை என்றாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனை எடுக்கவில்லை என்றால்தான் ஒருத்திக்குத் தெரியும்.

போன் போட்டுச் சொல்லிவிட்டால் என்ன என்று இன்றைக்கு நான்கு தடவை எடுத்தேன், வைத்தேன். கட்டிக்காக மட்டும் இல்லை. சொன்னேன் என்று வை, "ஐயோ, நல்ல டாக்டராப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே இருந்துவிட்டால்? அதைத் தாங்க முடியாது. சொல்லாத வரைக்கும், சொன்னால் வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டே இருக்கலாம்.

மார்ச் 19

பாகீரதம்மா காலையிலேயே போன். "டாக்டரே, இன்னையோட பதினஞ்சு நாள். கெம்பிக்குக் கட்டி குறையல. வாங்க." அடுத்த ஊரில் தனியாக இருக்கிற அம்மா. ஒரே ஒரு சிவப்புப் பசு, அதுதான் கெம்பி. போனேன். பழுத்திருந்தது, கீறிச் சீழ் எடுத்துக் கட்டினேன். குனிந்திருந்த நேரத்தில் பார்த்துவிட்டாள்.

"அது என்ன காதுக்குக் கீழ?"

"கொசு."

"எங்க ஊர் கொசு அவ்ளோ பெரிசா கடிக்காதே. எத்தனை நாளா?"

"ஒரு மாசம்... கொஞ்சம் மேல."

"கெம்பிக்கு மட்டும் பதினஞ்சு நாள். உங்களுக்கு வால் இல்லன்னு விட்டுட்டீங்களா?"

நான் ஊசியைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கெம்பியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தா இவகிட்டதான் சொல்றேன். இவ காதை ஆட்டுவா. உங்களுக்குச் சொல்றதுக்கு ஆள் இருக்கு டாக்டரே. இருந்தும் சொல்லலைன்னா அதுக்குப் பேரு திமிரு."

பூசணிக்காய் ஒன்றும் கொடுத்து அனுப்பினாள்.

மார்ச் 24, திங்கள்

சிவமொக்கா போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஸ்கேன். ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். நான் எத்தனை ஆயிரம் ஊசி போட்டிருப்பேன், இன்றைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"முன்னாடியே வந்திருக்கலாமே சார். ரெண்டு மூணு வாரத்துல போகாத கட்டின்னா காட்டிடணும். முக்காவாசி ஒண்ணும் இருக்காது. அந்த ஒண்ணும் இல்லைங்கிறதையும் நாங்கதானே சொல்லணும்?" என்றாள். அப்புறம், "தினமும் அழுத்திப் பார்த்தீங்களா?"

"இல்லை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

மார்ச் 28

ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்று இல்லை. எச்சில் சுரப்பியில் வருகிற சாதாரணக் கட்டி. ஆனால் அப்படியே விடக் கூடாது, பின்னால் குணம் மாறலாம், எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள். ஏப்ரல் 9 தேதி கொடுத்தார்கள்.

"கூட யார் வராங்க? கையெழுத்துப் போட, மூணு நாள் கூட இருக்க ஒருத்தர் வேணும். ஆள் இல்லாம அட்மிட் பண்ண மாட்டோம்" என்றாள் நர்ஸ்.

"மனைவி வருவாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நல்ல சேதிக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எவ்வளவோ முயன்று பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம், "ஒண்ணும் இல்லையாம்" என்றேன். "என்னது?" என்றார். "ஒண்ணும் இல்லை" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு, யுகாதி

வேப்பம்பூவும் வெல்லமும் நானே கலந்து நானே தின்றேன். ஒப்பட்டுப் போளி பேக்கரியில் வாங்கியது.

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். குழந்தைகளுக்குப் புதுச்சட்டை. ஸ்பூர்த்தி, "அப்பா, யுகாதி வாழ்த்து" என்று ஓடினாள். நான் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வனஜாட்சி, "பண்டிகைக்குக்கூட அந்த ஒட்டடையை..." என்று ஆரம்பித்தாள்.

கத்திவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக. "ஒட்டடை ஒட்டடை ஒட்டடை! வாரா வாரம் கூரையையே பாக்கறியே, என் மூஞ்சியை ஒரு தடவையாவது பாத்தியா? நான்னு ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேனே, தெரியுதா உனக்கு?"

"எங்கேர்ந்து பாக்கறது?" என்றாள். "உங்க மூஞ்சி எங்க வருது? பாதி நெத்தி வருது. மீதியெல்லாம் உத்தரம். ஒண்ணே முக்கா வருஷமா அந்த உத்தரத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எதுல எத்தனை ஆணின்னு கேளுங்க, சொல்றேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என் மேல கோவம்னு நெனச்சேன். வரமாட்டேங்கறேன்னு மூஞ்சியைக் காட்டாம இருக்கீங்கன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கறது?"

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். மூலையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் என் நெற்றி, மேலே உத்தரம். ஒட்டடை நிஜமாகவே நிறைய இருந்தது.

போனை நிமிர்த்தினேன். அவள் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். ரொம்பப் பக்கத்தில். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி ஒம்பது."

போனை வைத்துவிட்டாள்.

மதியம் ஸ்பூர்த்தியிடமிருந்து செய்தி: அம்மா பை கட்டிக்கொண்டிருக்கிறாள், நாளைக்குப் பஸ். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நான் லீவு போட்டுவிட்டேன். ஏன்ப்பா இப்படி?

ஏன் இப்படி? தெரிந்தால் எழுத மாட்டேனா.

ஏப்ரல் 1, செவ்வாய்

வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பையைக் கீழே வைத்துவிட்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல், கட்டி மேல் விரல் வைத்தாள். அப்புறம் வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து பேசியதை எழுத இந்த நோட்டு போதாது.

ஏப்ரல் 12

நேற்றுவரை எழுத முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது அவள்தான். 'உறவு' என்று இருந்த இடத்தில் 'மனைவி' என்று நிதானமாக எழுதினாள்.

வாயின் இடது ஓரம் மேலே ஏறவில்லை. நரம்பு களைத்துப்போயிருக்கிறது, சில வாரத்தில் சரியாகிவிடும், தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா வனஜாட்சியிடம் சொல்லியிருக்கிறாள். கஞ்சி குடித்தால் ஓரமாக வழிகிறது. அவள் துண்டோடு நிற்கிறாள்.

ஏப்ரல் 21

வெட்டி எடுத்ததையும் சோதித்துவிட்டார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை. பாகீரதம்மாவிடம் சொன்னேன். "கெம்பிக்கும் ஆறிடுச்சு" என்றாள்.

மே 3

தினமும் காலையில் காபிக்கு முன்னால் இதுதான் வேலை. என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "சிரிங்க" என்கிறாள். சிரிக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்க்கிறாள். "வலது வருது. இடது இன்னும் தூங்குது." கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் என் முகத்தை அவள் பார்த்ததில்லை. நானும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. அது எப்போது வந்தது?

அம்மா எப்போது வருவாள் என்று ஸ்பூர்த்தி தினமும் கேட்கிறாள். லீவு முடிந்துவிட்டது, வேலைக்காரி நிற்கவில்லை. வனஜாட்சி போனில் சொன்னதைக் கேட்டேன்: "ரெண்டு பக்கமும் ஏறினதும் கிளம்பிடறேன்டி."

என்னையும் வரச் சொல்கிறாள். வருகிறேன் என்று இந்தத் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜூலைக்கு முன்னால் லீவு கிடைக்காது. நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது.

மே 13

இன்று சவரம் செய்யும்போது கண்ணாடியில் சும்மா சிரித்துப் பார்த்தேன். இடது ஓரம் ஏறியது. இன்னொரு தடவை. ஏறியது, வலது பக்கத்துக்குச் சமமாக.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"சிரிங்க."

இடது ஓரத்தை ஏறவிடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அறுபது வயதை நெருங்குகிறவன் செய்கிற காரியமா இது?

வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். அவள் விரல் அந்த ஓரத்தில் வந்து நின்றது. அங்கே தசை துடித்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது.

"ம்ஹூம். இன்னும் வரல" என்றாள்.

அப்புறம் போனை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பூர்த்தியிடம் சொன்னாள்: "அப்பாவுக்கு இன்னும் சரியாகலடி. ஒரு பதினஞ்சு நாளாவது ஆகும் போல."