கேட்டேன் என்று சொன்னேன்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

வீடியோ காலில் அக்காவின் முதுகுக்குப் பின்னால், கதவில் ஒரு சட்டை தொங்கியது. முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆண்கள் சட்டை, வெளிர் நீலம். தனியாக இருக்கிற பெண்ணின் அறையில் இது யாருடையது என்று, நான் வேலை செய்யும் வீட்டு அனந்தலக்ஷ்மி அம்மா கேட்பதற்குள் போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

இங்கே பெங்களூரில் பதினொன்றரை மணி வெயில். டென்மார்க்கில் இன்னும் விடியவில்லை. அம்மாவின் மகள் நிருபமா அக்கா அங்கே போய் மூன்று மாதம் ஆகிறது. கம்பெனிகளைப் பற்றி, வியாபாரத்தைப் பற்றிச் செய்தி எழுதுவதற்கான மேல்படிப்பு. வகுப்பில் பதினாலு நாட்டுப் பிள்ளைகளாம். “கம்பெனிக்காரா என்ன பண்றான்னு எழுதறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமாடி? மல்லேஸ்வரத்துல உக்காந்து எழுதப்படாதா?” என்று அம்மா இன்றும் கேட்டார். அக்கா சிரித்தார். விஜியிடம் போனைக் கொடு என்றார்.

என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. துணி காயப்போடும் இடத்துக்குப் போனேன்.

அந்தச் சட்டை பாடத்துக்காக வாங்கியதாம். அங்கே கடையில் விற்கும் ஒரு பொருளை வாங்கி, அது எந்த ஊரில் யார் கையில் உருவானது என்று தேடி எழுத வேண்டும். அக்காவின் தேடல் பெங்களூருக்கு வந்து, நான் முன்னால் வேலை செய்த கார்மெண்ட்ஸ் கம்பெனியிலேயே நின்றிருக்கிறது. “நீ அங்கதானே இருந்தே?”

காலரைத் திருப்பி கேமராவுக்குக் காட்டினார்.

காலர் வைப்பது எங்கள் லைன்.

நவம்பர் 6

பஸ்ஸில் என் இடது பக்கம் ஒரு பெண் உட்கார்ந்தார். எழுந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை நின்றுகொண்டே வந்தேன். லைனில் ஐரின் அக்கா எப்போதும் என் இடது பக்கம்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

நிருபமா அக்கா ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாம் ரெகார்ட் ஆகிறது என்று முதலிலேயே சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டுமாம்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதைச் சொன்னேன். எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் என்று சொன்னேன். அது பாதிதான். எழுந்து நின்று படி என்றால் எனக்குக் குரல் வராது. எங்கம்மா படுத்ததும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். கார்மெண்ட்ஸில் பதினெட்டு வயது என்று எழுதிச் சேர்த்தார்கள். அப்போது பதினாறு. நூல் வெட்டும் ஹெல்பர். அந்த வேலைக்குப் பேச்சு வேண்டாம் என்று நினைத்துத்தான் போனேன்.

ஆனால் அங்கே ஒரு பழக்கம். டெய்லர் மெஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஊசி உடைந்தாலும், நூல் தீர்ந்தாலும், பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் ஹெல்பர்தான் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஐரின் அக்கா காலர் வைக்கிற டெய்லர். நான் அவருடைய ஹெல்பர்.

ஏப்ரலில் ஐரின் அக்கா அங்கேயே விழுந்து செத்துப்போனதைச் சொன்னேன். நெஞ்சு வலிக்குது, வெளியே போகணும், கேளு என்றார். “போய்க் கேட்டேன். விடல.”

ஏப்ரலிலிருந்து எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன். மூன்றே வார்த்தை.

நிருபமா அக்கா குனிந்து எழுதிக்கொண்டார். அந்த நேரம் முழுக்க அவர் தோளுக்கு மேல் அந்தச் சட்டை.

நவம்பர் 10

மிக்ஸி ஓடும்போது மெஷின் சத்தம் கேட்கிறது. மிக்ஸியை நிறுத்தினாலும் கேட்கிறது. “சட்னிக்குத் தேங்கா போடாமயே அரைச்சுண்டிருக்கியே, பேய் பிடிச்சிருக்காடி?” என்றார் அம்மா.

நவம்பர் 13, வியாழன்

எந்தச் செய்திக்கும் இன்னொரு ஆள் வேண்டும் என்பது அவர்கள் வகுப்பு விதி. அதனால் நிருபமா அக்கா ஐரின் அக்காவின் வீட்டுக்காரரிடம் பேச விரும்பினார். அவரிடம் வீடியோ பேசும் போன் இல்லை. என் போனை எடுத்துக்கொண்டு விவேக் நகருக்குப் போனேன்.

கிளெமென்ட் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். முன்பெல்லாம் வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவர்களிடம் மீட்டருக்கு மேல் கேட்க மாட்டாராம். இப்போது கோயில் பக்கமே போவதில்லை. அந்த மஞ்சுநாத்தை மன்னிக்க முடியவில்லை, மன்னிக்காமல் போய் எப்படி முட்டி போடுவது என்று நிருபமா அக்காவிடம் சொன்னார். மஞ்சுநாத்தான் எங்கள் சூப்பர்வைசர்.

விஜி அனுமதி கேட்டபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா என்றார் அக்கா. இல்லை, இவள் சொல்லித்தான் தெரியும் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருக்கும் இந்தப் பொண்ணு. நாலு தரம் கூப்பிட்டாதான் ஒரு உம் வரும். அவ்ளோ பெரிய ஹாலுல என் பொண்டாட்டிக்காக ஒருத்தி எழுந்து போனான்னா அது இவதான், மேடம். இதையும் எழுதிக்கங்க.”

டீ கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

நவம்பர் 14

இதையும் எழுதிக்கங்க.

நவம்பர் 18, செவ்வாய்

அக்கா கம்பெனிக்குக் கேள்விகள் அனுப்பிவிட்டார். ஒருவரைப் பற்றிக் குறையாக எழுதினால் அவருடைய பதிலையும் கேட்டுத்தான் எழுத வேண்டும். மூன்று நாள் தவணை. நாலாவது கேள்வி: ஐரின் வெளியே போக அனுமதி கேட்டபோது சூப்பர்வைசர் மஞ்சுநாத் மறுத்தது ஏன்?

என் பெயர் போடவில்லையாம். பயப்படாதே என்றார். அவர் நினைக்கும் பயம் வேறு.

நவம்பர் 22, சனி

பதில் வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்ததை அக்கா தமிழில் சொன்னார். அன்று அந்த லைனிலிருந்து யாரும் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கவில்லை. இருந்தாலும், விசாரணை முடியும்வரை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எல்லாக் கம்பெனியும் முதல்ல இல்லைன்னுதான் சொல்லும்னு எங்க சார் சொல்லிண்டே இருப்பார். நான் உன்னைத்தான் நம்பறேன் விஜி. திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள் இதை வகுப்புல கொடுக்கணும். அப்புறம் காலேஜோட இணையப் பத்திரிகையில வந்துடும்.”

அக்கா சந்தோஷமாக இருந்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் குரல் வேண்டாம்.

நவம்பர் 23

ஒரு கம்பெனி உண்மையைச் சொன்னால் அதை யார் நம்புவார்கள்?

நவம்பர் 25, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வாயால் வராதது கையாலாவது வரட்டும்.

ஏப்ரல் பதினொன்று. மூணே கால் மணி. பண்டல் பண்டலா காலர் குவிஞ்சு கிடந்துச்சு. ஐரின் அக்கா கை நின்னுடுச்சு. முகமெல்லாம் வேர்வை. விஜி, நெஞ்ச அழுத்துதுடி, மஞ்சுநாத் சார் கிட்ட வெளிய போகணும்னு கேட்டுட்டு வான்னாங்க.

போனேன். சார் மேஜைக்கு ஒரு மெஷின் தள்ளி வரைக்கும் போனேன். அவர் முதுகு காட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். காலையில்தான் ஒரு ஹெல்பரை மேஜை பக்கத்தில் கை கட்டி நிற்க வைத்து, மனெகெ ஹோகு, வீட்டுக்குப் போ, திரும்ப வராதே என்று கத்தினார். கேட்கப் போகிறவர்களை அப்படி நிற்க வைப்பது அவர் வழக்கம். ஹாலே திரும்பிப் பார்க்கும்.

எவ்வளவு நேரம் நின்றேன்? ஒரு நிமிஷமா? ரெண்டா? அவர் திரும்பவே இல்லை. நான் கூப்பிடவே இல்லை.

திரும்பி வந்தேன். கேட்டியான்னு கேட்டாங்க.

கேட்டேன்கா, விடமாட்டாராம்னு சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பயமா இருந்துச்சு, அதனால கேக்கலன்னு சொல்லியிருந்தா அவங்களே எழுந்து போயிருப்பாங்க. திட்டு வாங்கினாலும் வாங்கட்டும்னு போயிருப்பாங்க. நான் சொன்னதை நம்பி, சரி போ, இந்தப் பண்டலை முடிச்சிடறேன்னு திரும்பத் தைக்க ஆரம்பிச்சாங்க. நான் பக்கத்துல நூல் வெட்டிக்கிட்டிருந்தேன். பதினோரு காலர். அப்புறம் மெஷின் மேல சாஞ்சாங்க.

செத்தவங்க எங்கிட்ட எதுவும் கேக்கறதில்ல. கேட்டா கூடப் பரவாயில்ல. என்னை நம்பிக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்காங்க.

நவம்பர் 26, புதன்

மேலே எழுதியதை மொட்டை மாடியில் நின்று படித்து, குரல் செய்தியாக நிருபமா அக்காவுக்கு அனுப்பினேன். பாதியில் ரெண்டு முறை நின்றுவிட்டது. மூன்றாவது முறை முழுதாகப் போயிற்று.

மத்தியானம் கூப்பிட்டார். படம் இல்லை, குரல் மட்டும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கம்பெனிக்கு இன்றே எழுதப் போகிறேன், நாலாவது கேள்வி தவறு என்று, மஞ்சுநாத் பெயரைச் சொல்லியே எழுதுவேன் என்றார். திங்கட்கிழமை கொடுக்க முடியாது, சாரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பிறகு, இரண்டு பேரிடம் கேட்டதையே சரிபார்ப்பு என்று நினைத்துவிட்டேன், கிளெமென்ட்டும் நானும் உன் ஒரே வாயைத்தான் கேட்டிருக்கிறோம் என்றார். அவர் குரல் அழுதது போல இருந்தது.

கடைசியாக, “நான் எதையும் எழுதறதுக்கு முன்னாடி கிளெமென்ட்டுக்குத் தெரியணும். என் மூலமா இல்லை, விஜி” என்றார்.

நவம்பர் 27, வியாழன்

அம்மாவிடம் அரை நாள் லீவு கேட்டேன். நானே வாய்விட்டுக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போய்ட்டு வா என்றார்.

கோயில் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஆட்டோ வாசலில் நின்றது. கிளெமென்ட் அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வா, ஒரு வாய் சாப்பிடு என்று தட்டு எடுக்க எழுந்தார். வேண்டாம், முதலில் நீங்கள் சாப்பிட்டு முடியுங்கள் என்றேன். முடிக்கும்வரை சுவரோரம் நின்றேன். கை கழுவி வந்தார்.

“அண்ணா, அன்னிக்கு நான் மஞ்சுநாத் கிட்ட கேக்கவே இல்ல.”

துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தெருவில் ஒலிபெருக்கியில் ஜெபம் போய்க்கொண்டிருந்தது. காதில் விழவில்லை போல.

“என்ன சொன்ன?”

போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து, அவர் முன்னால் நின்று, முதலிலிருந்து சொன்னேன்.